ஏழாவது பத்தி

வக்கீல்கள் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊரில் பாதிக் குடும்பம் பிழைத்துக்கொள்ளும் என்று சமரசர் கல்யாணசுந்தரம் சொன்னார், சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரித்தார். செண்பகவல்லியும் சிரித்துவைத்தாள். சிரித்த மறுநொடியே எதற்குச் சிரித்தோம் என்று தன்மேல் எரிச்சல் வந்தது. இருபத்தொரு வருஷமாகக் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு பேசியே சாப்பிடுகிறவளை இந்த அறைக்குள் வந்ததும் வாயைக் கட்டி உட்காரவைத்துவிடுகிறார்கள், அதற்குச் சிரிப்பு ஒரு கேடா. அவரும் வக்கீல்தான். முப்பது வருஷம் வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையும் நடத்தியவர். ஒரு வாரம் பயிற்சிக்குப் போய்வந்தார், சமரசர் ஆகிவிட்டார், இப்போது வக்கீல் என்றாலே ஊதிவிட்டுக் குளிர்காய்கிற கூட்டம் என்பதுபோலப் பேசுகிறார். "கட்சிக்காரங்க பேசட்டும் மேடம். நீங்களும் சூசை சாரும் சும்மா பக்கத்துல இருந்தாப் போதும்." சும்மா. சும்மா இருக்கிறதற்கு எதற்கு வக்காலத்து. கோர்ட்டு வளாகத்தின் பின்பக்கம் பழைய ரிக்கார்டு ரூமை ஒழித்து வெள்ளையடித்துச் சமரச மையம் என்று போர்டு மாட்டியிருந்தார்கள். உள்ளே வட்ட மேசை. வட்டமாக இருந்தால் யாரும் எதிரெதிரே உட்கார்ந்த மாதிரி இருக்காதாம். அப்படியும் ஆறுமுகநயினார் தன் பெண்டாட்டி இசக்கியம்மாளுக்கு நேர் எதிரேதான் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் அவனுடைய வக்கீல் மரியசூசை. இசக்கியம்மாள் நாற்காலியை இழுத்து, செண்பகவல்லி தன் வலது கைப்பக்கம் வருகிற மாதிரிப் போட்டுக்கொண்டாள். இடது காது அவளுக்குக் கேட்காது. அவள் கேசை எடுத்து இரண்டரை வருஷம் ஆகிறது, செண்பகவல்லியின் உடம்புக்கே அது பழகிவிட்டது, எங்கே பார்த்தாலும் கால் தானாக அவளுக்கு வலப்பக்கம் போய் நிற்கிறது.

கல்யாணசுந்தரம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விவாகரத்து ஒப்பந்தத்தைக் கையில் எடுத்தார். மூன்றாவது அமர்வு. முதல் அமர்வில் அழுகை, இரண்டாவதில் பேரம், மூன்றாவதில் கையெழுத்து, பெரும்பாலும் இப்படித்தான் போகும். எழுதி, டைப் அடித்து, பிரதி எடுத்துக் கொண்டுவந்தவள் செண்பகவல்லிதான். மற்ற சமரசர்களாக இருந்தால் பேப்பரைத் தள்ளி இங்கே, இங்கே, இங்கே என்று விரல் வைத்துக் காட்டிக் கையெழுத்தை வாங்கிவிடுவார்கள். இவர் வாசிப்பார் என்று கேள்விப்பட்டிருந்தாள், இவரிடம் அவளுக்கு இதுதான் முதல் ஒப்பந்தம். ஒவ்வொரு பத்தியாக, நிறுத்தி நிறுத்தி வாசித்து, இரண்டு பேர் முகத்தையும் பார்த்து, "சம்மதம்தானே?" என்று கேட்பார். முதல் பத்தி, இன்ன தேதியில் இன்ன கோயிலில் பெரியோர் முன்னிலையில் திருமணம் நடந்தது. "சம்மதம்தானே?" நடந்து முடிந்த கல்யாணத்துக்கு இப்போது எதற்கய்யா சம்மதம் என்று வாய்வரைக்கும் வந்ததைச் செண்பகவல்லி விழுங்கினாள். பேசக் கூடாது. பேச வேண்டியதை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே பேசி முடித்தாயிற்று, அவளும் சூசையும், போனில், அவள் கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருக்கும்போது. எட்டு நிமிஷம் ஆகியிருக்குமா. "உன் பழைய மாடலையே போடு செண்பகம். ஏழாவது பத்தியில புகார் நம்பரை மட்டும் மாத்திக்கோ." சூசையும் அவளும் சட்டக் கல்லூரியில் ஒரே வகுப்பு. கோர்ட்டில் எதிரெதிரே நின்று கத்துவார்கள், கேன்டீனில் ஒரே தட்டில் வடையைப் பிய்ப்பார்கள். கட்சிக்காரர்கள் பார்த்தால் தப்பாக நினைப்பார்களே என்று முதல் நாலைந்து வருஷம் தனித்தனி மேசையில் உட்கார்ந்தார்கள், பிறகு அந்தக் கூச்சமும் விட்டுப்போயிற்று. தப்பா அது. வக்கீலும் வக்கீலும் முகம்கொடுத்துப் பேசிக்கொண்டால்தான் எதுவும் ஒரு முடிவுக்கு வரும். இரண்டு குடும்பம் வாசலில் நின்று ஒருவர் பரம்பரையை இன்னொருவர் இழுத்துக்கொண்டிருக்கும்போது, சரி விடு, பாத்திரத்தை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், நகையை இவர்கள் கொடுக்கட்டும் என்று முதல் நிதானமான வார்த்தையைச் சொல்கிறவர் யார். சமரசரா. அவருக்கு முன்னால் ஃபைல் வரும்போதே பாதி நெருப்பு அணைந்துதான் வருகிறது. அணைத்தவர்கள் இங்கே வாய்பொத்தி உட்கார்ந்திருக்கிறார்கள். இதைச் சொன்னால் பார்த்தீர்களா, வக்கீல் ஆரம்பித்துவிட்டார் என்பார். சொல்லாமலே இருக்கட்டும். நினைப்பதை யாரும் தடுக்க முடியாது.

இரண்டாவது பத்தி. பிள்ளைகள் இல்லை. "சம்மதம்தானே?" கேள்வி அங்கே போய் விழுந்தபோது இசக்கியம்மாள் "ஆமா சார்" என்றாள், ஆறுமுகநயினார் தலையை மட்டும் ஆட்டினான். மூன்றாவது பத்தி, பிரிந்து வாழும் காலம். ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை டக்கென்றது. டக். டக். பழைய கட்சிக்காரி தங்கபுஷ்பத்தின் விவாகரத்துக் கேஸ் நடந்த கோர்ட்டிலும் இப்படி ஒரு ஃபேன் இருந்தது. தங்கபுஷ்பம் ஏன் இப்போது ஞாபகத்துக்கு வருகிறாள், வர வேண்டாம், என்றால் கேட்கிறாளா. அந்தக் கேசில் செண்பகவல்லி பேசியதைப்போல அதற்குப் பிறகு எங்கேயும் பேசியதில்லை. புருஷனை மூன்று நாள் குறுக்கு விசாரணை செய்தாள். பக்கத்துக் கோர்ட்டிலிருந்து ஜூனியர்கள் வந்து சுவரோரம் நின்று கேட்டார்கள். கூண்டில் அவனுக்கு வேர்த்து வழிந்தது. இவளுக்கு அன்று சாப்பாடே வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு நிறைவு. நீதிபதி மாறினார், அடுத்தவர் வந்தார், அவரும் மாறினார், அப்பீல், திரும்ப விசாரணை. பதினோரு வருஷம். தீர்ப்பு வந்த அன்று தங்கபுஷ்பத்துக்கு நாற்பத்துமூன்று வயசு. நகலை வாங்கி நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நல்லா பேசுனீங்க மேடம்" என்றாள். கொஞ்சம் தள்ளிப் போனவள் திரும்பி வந்து, "இனும இத வச்சு நான் என்ன செய்ய?" என்று கேட்டாள். கோபமே இல்லை, வழி கேட்கிற மாதிரிக் கேட்டாள். வக்கீல் பேசி ஜெயிக்கிறாள், கட்சிக்காரி வயசைக் கொடுத்து ஜெயிக்கிறாள். அன்றைக்குத்தான் செண்பகவல்லி முடிவெடுத்தாள், இனிமேல் முடிக்க வேண்டும், இழுக்கக் கூடாது. முடித்தாள். வருஷத்துக்கு வருஷம் கூடுதலாக முடித்தாள். மக்கள் நீதிமன்றத்தில் அதிகம் சமரசம் செய்தவர் என்று கேடயம் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் சாயங்காலம் காப்பியைக் கையில் கொடுத்து, "இன்னைக்கு எத்தனை பேரை அறுத்துவிட்டே?" என்று கேட்பார், பிரியமாகத்தான். கல்யாணத் தரகர்கள் சேர்த்துவைக்கிறார்கள், நான் பிரித்துவைக்கிற தரகர். அதில் என்ன கேவலம். ஒரு கேவலமும் இல்லை. இல்லை என்று எதற்கு இரண்டு தரம் சொல்கிறோம்.

நாலாவது பத்தி, நகைகள் போன வாரம் ஒப்படைக்கப்பட்டன. ஐந்தாவது, வேறு எந்தப் பாத்தியதையும் ஒருவர்மேல் ஒருவருக்கு இல்லை. "சம்மதம்தானே?" "சம்மதம் சார்" என்றாள் இசக்கியம்மாள். சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். புதன்கிழமை, தடுப்பூசி நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள் செவிலியர், இன்னொருத்தியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பன்னிரண்டரை வரைக்கும் பர்மிஷன் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். முதல்முதல் அவள் செண்பகவல்லியின் ஆபீசுக்கு வந்ததும் ஒரு காலைப்பொழுதுதான். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. இடது காதில் பஞ்சு, பஞ்சின் நுனி மஞ்சளும் சிவப்புமாக. பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தவள் போனை எடுக்கவில்லை, புருஷன் பதினான்கு தரம் கூப்பிட்டிருக்கிறான். டூட்டி முடிந்து வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போது வாசலிலேயே அறை விழுந்தது. செவிப்பறை கிழிந்துவிட்டது. பின்னால் ஆபரேஷன் செய்தும் ஒட்டவில்லை. "போலீஸ்ல என்ன எழுதிக் கொடுக்கணும்னு தெரியல மேடம். ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர்னா எழுதிருவேன், இத எழுத கை வரல" என்றாள். செண்பகவல்லிதான் புகாரை எழுதினாள், தன் கையாலேயே, டைப்பிஸ்ட் அன்று வரவில்லை. அவள் "அடிச்சாக" என்று சொல்லச் சொல்ல இவள் "ஓங்கி அறைந்தார்" என்று எழுதினாள். ஓங்கி என்ற வார்த்தையில் ஒரு நிமிஷம் பேனாவை நிறுத்தி, "ஓங்கித்தானே?" என்று கேட்டாள். இசக்கியம்மாள் தன் கையைத் தூக்கிக் காட்டினாள், தோளுக்கு மேலே, எவ்வளவு உயரத்திலிருந்து வந்தது என்று.  அந்தக் கையைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாள். எழுதி முடித்து வாசித்துக் காட்டினாள். அன்றைக்கு வாசித்துக் காட்டினாள். வரிக்கு வரி. இந்த ஒப்பந்தத்தை? போனில் சொன்னாள், நகை, பாத்திரம், இரண்டு பேருக்கும் சம்மதம், அப்புறம் வழக்கமான வரிகள் எல்லாம் இருக்கும்மா என்று. வழக்கமான வரிகள். அதற்கு அவள் "சரி மேடம்" என்றாள். போனை எந்தக் காதில் வைத்திருந்தாள் என்று யாருக்குத் தெரியும், கண்றாவி, வலது காதில்தானே வைத்திருப்பாள், கேட்கிற காது நன்றாகத்தான் கேட்கிறது. சொல்லாததை எந்தக் காதால் கேட்பது.

ஆறாவது பத்தி எப்போது போனதென்றே கவனிக்கவில்லை. "ஏழு" என்றார் கல்யாணசுந்தரம். செண்பகவல்லி தன் பிரதியில் பக்கத்தைத் திருப்பினாள். அவள் இந்த வரியை எத்தனை ஒப்பந்தத்தில் போட்டிருக்கிறாள், கணக்கே இல்லை, ஆனால் ஒருநாளும் ஒருவர் சத்தமாக வாசித்து அவள் கேட்டதில்லை. "இசக்கியம்மாள் ஆகிய நான், மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த மேற்படி புகாரானது, தவறான புரிதலின் காரணமாகக் கொடுக்கப்பட்டது என்றும், அதில் கண்ட சம்பவம் எதுவும் நடைபெறவில்லை என்றும் ஒப்புக்கொண்டு, அதை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் கொடுக்கச் சம்மதிக்கிறேன்." தவறான புரிதல். டைப் அடித்த காகிதத்தில் பார்க்கும்போது அது சாணி மெழுகின தரை மாதிரி வழவழவென்று கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடும். காதில் கேட்டால் ஒவ்வொரு எழுத்தும் நிற்கிறது. எதைத் தவறாகப் புரிந்துகொண்டாள். கையையா, காதையா. செவிப்பறை கிழிந்ததைத் தவறாகப் புரிந்துகொண்டு ரத்தம் வந்ததா. யார் எழுதினது இதை முதலில், இந்த வார்த்தையை, நானா, எனக்கு முன்னால் எவனோவா. எவனாக இருந்தாலும் இந்தப் பிரதியில் கீழே மனுதாரரின் வக்கீல் என்று என் பெயர்தான் இருக்கிறது. "சம்மதம்தானே?" என்று கேட்டார் கல்யாணசுந்தரம். ஆறுமுகநயினார் "சம்மதம்" என்றான், மற்ற பத்திகளுக்குத் தலையாட்டியவன் இதற்கு வாயைத் திறந்தான். இசக்கியம்மாள் வலது காதை முன்னால் கொண்டுவந்து, "சார், இன்னொரு தடவ வாசிங்க" என்றாள். அவர் வாசித்தார். அவள் கேட்டாள். "இன்னொரு தடவ" என்றாள். ஃபேன் டக்கென்றது. மூன்றாம் தடவை அவர் வாசித்து முடிக்கும் முன்பே, "இதுக்குச் சம்மதம் இல்ல சார்" என்றாள்.

சூசை நாற்காலியில் நிமிர்ந்தார். "அம்மா, இது எல்லாத்துலயும் போடுற வரிதான். ஒண்ணும் இல்ல, ஃபார்மாலிட்டி" என்றார், கல்யாணசுந்தரம் கையைக் காட்டி அவரைத் தடுத்தார். செண்பகவல்லி பேசவில்லை. பேசத்தான் கூடாதே. வசதியாகப் போயிற்று, எரிச்சலாக இருந்த சட்டம் இப்போது வந்து முந்தானையை இழுத்துப் போர்த்திவிடுகிறது. "நடக்கலன்னா எழுதச் சொல்லுதீங்க?" என்றாள் இசக்கியம்மாள், யாரைப் பார்த்தும் இல்லை, காகிதத்தைப் பார்த்து. "புகாரை வாபஸ் வாங்கச் சொல்லுங்க, வாங்குதேன். எனக்கு அவுகள ஜெயில்ல போடணும்னு ஒண்ணும் இல்ல. நடக்கலன்னு எழுத மாட்டேன்." ஆறுமுகநயினார் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தான். அவன் அரசாங்கத் துறை ஒன்றில் பொறியாளன், பதவி உயர்வுப் பட்டியலில் அவன் பெயரின்மேல் அந்தப் புகார் கல்லாக உட்கார்ந்திருக்கிறது. வெறும் வாபஸ் என்றால் ஆபீசில் ஏன் வாபஸ் என்று கேட்பார்கள். பொய்ப் புகார் என்று அவளே எழுதிக்கொடுத்தால்தான் கல் நகரும். "கைய ஓங்குனது வாஸ்தவம் சார்" என்று சமரசரிடம் சொன்னான். "நான் இல்லன்னே சொல்லல. காது கிழியும்னு யாருக்குத் தெரியும்? அதுக்காக ஒருத்தன் வாழ்க்கை பூரா அதையே சுமக்கணுமா?" சூசை அவன் முழங்கையைப் பிடித்தார். செண்பகவல்லியின் கை தானாகப் பேனாவைத் தேடியது, பிறகு நின்றது. இந்த அறையில் சொன்னது இந்த அறையைத் தாண்டக் கூடாது, அதுதான் இங்கே முதல் விதி. இரண்டரை வருஷமாக எழுத்து மூலம் மறுத்ததை இவன் இப்போது ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஒத்துக்கொள்கிறான், அதைக் கோர்ட்டில் அவள் ஒரு சொல்லாகக்கூட எடுக்க முடியாது. சொல்லுடா, நல்லா சொல்லு. இங்கே எல்லோரும் உண்மையைச் சொல்லலாம், எழுதும்போது மட்டும் பொய்யை எழுத வேண்டும். நல்ல ஏற்பாடு. அதை எழுதிக்கொடுக்க ஒரு வக்கீல். அதுதான் நான்.

கல்யாணசுந்தரம் தனி அமர்வு என்று சொல்லி ஆண்கள் இருவரையும் வெளியே அனுப்பினார். கதவு சாத்தியதும் கோர்ட்டு வளாகத்தின் சத்தமெல்லாம் அடங்கி மேசை பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. "யோசிச்சுச் சொல்லும்மா. கட்டாயம் ஒண்ணும் இல்ல. ஆனா இது உடைஞ்சா விவாகரத்துக்குக் கேஸ் நடத்தணும், நாளாகும்" என்றார். நல்ல மனுஷர்தான். அவர் குரலில் அவசரம் இல்லை. இசக்கியம்மாள் செண்பகவல்லியைப் பார்த்து நாற்காலியை முழுசாகத் திருப்பினாள். "மேடம், இத நீங்களா எழுதுனீங்க?" என்றாள். ஆமாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சுக்குள் செண்பகவல்லிக்குப் பத்துப் பதில் கிடைத்தது, எல்லாமே வாய்க்கு வசதியான பதில்கள், மாடல் அது, எதிர்த்தரப்பு கேட்டது, உன் நன்மைக்கு, உனக்கு வயசு முப்பத்தொன்று, தங்கபுஷ்பம் என்று ஒருத்தி. "ஆமா" என்றாள். "அந்தப் புகாரும் நீங்கதான எழுதுனீங்க. ஓங்கித்தானேன்னு கேட்டு எழுதுனீங்க." "ஆமா." "அப்ப இதுல எதுக்கு நடக்கலன்னு வருது?" கல்யாணசுந்தரம் மெதுவாக, "மேடம், அவங்களே முடிவெடுக்கட்டும், நாம ஒண்ணும்" என்று ஆரம்பித்தார். "சார்" என்றாள் செண்பகவல்லி.  "பேசக் கூடாதுன்னீங்க, இவ்வளவு நேரம் பேசல. எழுதினது நான். அதுக்கு நான்தான் பதில் சொல்லணும், நீங்க சொல்ல முடியாது." அவர் கையை விரித்து, சொல்லுங்கள் என்பதுபோலச் சாய்ந்துகொண்டார். "இது பொய்ம்மா" என்றாள் இசக்கியம்மாளிடம். "உன்கிட்ட வாசிச்சுக் காட்டாம விட்டது என் தப்பு. எல்லாரும் போடுறாங்கன்னு போட்டேன்." சொல்லியாயிற்று. கூரை இடிந்து விழவில்லை. இசக்கியம்மாள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தாள், அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு மூடினாள். "அடிபட்டு வாரவளுக எங்கிட்டதான் வருவாளுக மேடம்" என்றாள். "நெத்தி கிழிஞ்சு வருவா, கை ஒடிஞ்சு வருவா. என்னாச்சுன்னா கதவுல இடிச்சுட்டேன், மாடிப்படில விழுந்துட்டேன்னுவா. ரிஜிஸ்டர்ல நான்தான எழுதணும். எழுத மாட்டேன். உள்ளதச் சொல்லு, அப்பத்தான் எழுதுவேன்னு உக்காந்துருவேன். அரை மணி நேரம் ஆகும், அழுவா, பொறவு சொல்லுவா. இதுல கையெழுத்துப் போட்டுட்டு நாளைக்குப் போயி எந்த மூஞ்சியோட அவட்ட கேக்க?"

எந்த மூஞ்சியோட. செண்பகவல்லிக்குத் தான் கையெழுத்து வாங்கிய முகங்கள் வரிசை இல்லாமல் வந்தன, பெயர் மறந்த முகங்கள், ஒருத்தி பேனாவைத் தலைகீழாகப் பிடித்தாள், ஒருத்தி தன் அண்ணனைப் பார்த்தாள், ஒருத்தி, சின்னப் பெண், இருபத்துநாலு இருக்கும், படித்துப் பார்த்துவிட்டு இவளை ஏறிட்டுப் பார்த்தாள், இவள் "போடும்மா, ஒண்ணும் இல்ல" என்றாள், அவள் போட்டாள். ஒண்ணும் இல்ல. அந்தப் பெண் இப்போது எங்கே இருப்பாள், நன்றாகத்தான் இருப்பாள், சீக்கிரம் முடிந்தது, மறுகல்யாணம்கூட ஆகியிருக்கும், முடித்துக்கொடுத்தது தப்பே இல்லை. முடித்தது தப்பில்லை. அந்த வரிதான் தப்பு. இரண்டும் ஒன்றாகத்தான் வரும் என்று யார் சொன்னது, யாருமே சொல்லவில்லை, அவளும் சூசையும் கேட்டுப் பார்த்ததே இல்லை, அவ்வளவுதான். பயம் வந்தது, நிஜமான பயம், வழக்கு நடத்தப் பயம். இப்போது அவளுக்கு நாற்பத்தேழு. மூன்று நாள் நின்று குறுக்கு விசாரணை செய்த கால்கள் இல்லை, ஒரு மணி நேரத்தில் முழங்கால் கடுக்கும். "இசக்கி, ஒண்ணு சொல்லுதேன் கேளு" என்றாள். தங்கபுஷ்பத்தைப் பற்றிச் சொன்னாள், எதையும் குறைக்காமல், மடித்து வைத்த காகிதம், திரும்பி வந்து கேட்ட கேள்வி, எல்லாம். "உனக்கும் அத்தனை வருஷம் ஆகலாம். ஆகாதுன்னு என்னால சொல்ல முடியாது." இசக்கியம்மாள் யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள், நெற்றி சுருங்கியது. "அந்த அக்கா அத்தன வருஷமும் தீர்ப்பு வரும் வரும்னு உக்காந்திருந்தாகளோ என்னவோ" என்றாள். "நான் உக்காந்திருக்க மாட்டேன் மேடம். வேல பாப்பேன், வீடு கட்டுவேன், எங்கயும் போவேன். கேசு அது பாட்டுக்கு நடக்கட்டும். அதோட நான் என்னத்துக்கு நிக்கணும்?" தங்கபுஷ்பத்துக்கு இதைச் சொல்லத் தனக்கு ஏன் அன்று தெரியாமல் போயிற்று என்று செண்பகவல்லி நினைத்தாள். நினைத்துக்கொண்டே பேனாவைத் திறந்து நாலு பிரதியிலும் ஏழாவது பத்தியைக் குறுக்கே அடித்தாள். அடித்ததற்குக் கீழே, மேற்படி புகாரை மேற்கொண்டு நடத்த நான் விரும்பவில்லை என்று எழுதி, வலது காதுப் பக்கம் குனிந்து வாசித்துக் காட்டினாள். "இது?" "இதுக்குச் சம்மதம்" என்றாள் இசக்கியம்மாள்.

சூசை திரும்பி வந்து பிரதியைப் பார்த்ததும் முகம் மாறியது. "செண்பகம், என்ன இது? நாம பேசினதுதானே?" "நாமதான் பேசினோம் சூசை. அவகிட்ட யாரும் பேசலையே." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வரிக்காகவா? முடியப்போற நேரத்துல? உனக்குத் தெரியாததா, வெறும் வாபஸ்னா இவன் ஆபீஸ்ல செல்லாது." அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, ஏமாற்றம், நம்பவைத்துக் கைவிட்டவளைப் பார்க்கிற மாதிரி. அது கோபத்தைவிட மோசம். இனி ஞாயிற்றுக்கிழமை போன் வராது. வராமல் போகட்டும். வந்தால் இனிமேல் எட்டு நிமிஷத்தில் முடியாது என்று அவருக்கும் தெரியட்டும். "உங்க கட்சிக்காரர் புகார் வேண்டாம்னு கேட்டார், என் கட்சிக்காரி வேண்டாம்னு விட்டுட்டா. அதுக்கு மேல அவ வாயால அவளையே பொய்க்காரின்னு சொல்ல வைக்கணும்னா அதுக்குப் பேரு சமரசம் இல்ல" என்றாள். ஆறுமுகநயினார் எழுந்தான். "இப்படி எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன்." இசக்கியம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள், அந்தப் பார்வையில் சண்டைகூட இல்லை. "போட வேண்டாம்" என்றாள். கல்யாணசுந்தரம் இரண்டு பக்கமும் இன்னொருமுறை கேட்டார். பிறகு அறிக்கைப் படிவத்தை இழுத்து, சமரசம் ஏற்படவில்லை என்று எழுதி, தேதி போட்டார். ஏன் என்று எழுத அதில் இடமே கிடையாது. நாலு பிரதியையும் அவரே வாங்கிக் கிழித்தார். கிழித்துக்கொண்டே, "மேடம், ஒண்ணு கேக்கலாமா? இந்த வரியை நானும் எவ்வளவோ பேருக்கு வாசிச்சிருக்கேன். யாரும் ரெண்டாம் தடவை வாசிக்கச் சொன்னதில்ல" என்றார். அது கேள்வி இல்லை. 

வெளியே வெயில் கண்ணில் அறைந்தது. சூசை முன்னால் போய்க்கொண்டிருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. இசக்கியம்மாள், "பஸ் இருக்கு மேடம், போனா ஒரு மணிக்குள்ள ஊசி போட்டுருவேன், பிள்ளைகளத் தூக்கிட்டு வெயில்ல உக்காந்திருப்பாளுக" என்றாள். ஐந்தாறு அடி போனவளைச் செண்பகவல்லி, அடுத்த வாய்தா அன்றைக்கு மெடிக்கல் ரிப்போர்ட் ஒரிஜினலைக் கொண்டுவந்துவிடு, காது டாக்டரைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும் என்று கூவிச் சொன்னாள், அவளுக்குக் கேட்டதா என்று நிச்சயமில்லை, ஓடிப்போய் வலப்பக்கம் நின்று மறுபடி சொன்னாள். குடும்ப நல நீதிமன்றத்தில் செண்பகவல்லி நுழையவும் கேஸ் நம்பரைக் கூப்பிடவும் சரியாக இருந்தது. முழங்கால் கடுத்தது. நீதிபதி அறிக்கையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "என்னம்மா, உங்க கேஸ் இன்னைக்கு முடிஞ்சிரும்னு சொல்லியிருந்தீங்க. உங்க கேஸ்ல அறிக்கை இப்படி வந்து நான் பார்த்ததே இல்லையே." பின்னால் யாரோ ஜூனியர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சூசை ஃபைலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மன்னிக்கவும் என்று ஆரம்பிக்கிற பழக்கம் நாக்கு நுனியில் வந்து நின்றது, செண்பகவல்லி அதை அப்படியே நிற்கவிட்டாள். "முடியல, யுவர் ஆனர். என் முதல் சாட்சி மனுதாரர்தான், அடுத்த வாய்தாவிலேயே கூண்டில் ஏத்துறேன். எதிர்மனுதாரரைக் குறுக்கு விசாரணை பண்ண எனக்கு மூணு நாள் வேணும்."